இனிப்பும் தண்ணீரும் ஒரு தட்டும்: மலையகப் பாடசாலைக்கு விஞ்ஞானம் வந்த வரலாறு

ஒரு வெள்ளைத் தட்டு. அதன் விளிம்பை ஒட்டி வட்டமாக அடுக்கிய, வண்ணச் சீனி ஓடு பூண்ட இனிப்புகள் பத்துப் பன்னிரண்டு. தட்டின் நடுவில் மெல்ல ஊற்றப்படும் இளஞ்சூட்டு நீர். இந்தப் பரிசோதனைக்கு இவ்வளவே தேவை. நீர் இனிப்புகளைத் தொட்ட சிறிது நேரத்தில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஓடுகளிலிருந்து கழன்று நடுவை நோக்கி நகரத் தொடங்கும். சில நிமிடங்களில் தட்டு முழுவதும் வண்ணக் கூறுகளாகப் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு நிறமும் அடுத்த நிறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் கலக்காது. நிறங்களுக்கு இடையே கோடு கிழித்தது போல எல்லை தெரியும்.

உலகின் பல நாடுகளில் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் இதனைச் செய்து காட்டுகின்றனர். பிள்ளைகள் கைதட்டுவர், பாடவேளை முடியும். ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்திலே, வெலிமடையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் உள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் இதே தட்டை வைத்துப் பார்ப்போமாயின், அதனை வெறும் வேடிக்கை என்று கடந்துபோக இயலாது. தட்டில் கரையும் சீனிக்கும், யன்னலுக்கு வெளியே தெரியும் தேயிலைக்கும், அத்தட்டைக் குனிந்து பார்க்கும் பிள்ளைக்கும் பொதுவான வரலாறு ஒன்று உண்டு. விஞ்ஞானம் யாருக்கு முதலில் வந்தது, யாருக்குப் பிந்தி வந்தது என்ற வரலாறும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது.

சீனி ஓட்டின் கதை

ஒரு விதையின் மீதோ கொட்டையின் மீதோ சீனிப்பாகைப் படலம் படலமாக ஏற்றி ஓடாக்கும் கலை மிகப் பழையது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படும் சீரக மிட்டாயை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. விதைகளைச் சூடான பாத்திரத்தில் இட்டு உருட்டிக்கொண்டே, பாகைச் சிறிது சிறிதாகத் தெளித்து, உலரவிட்டு, மீண்டும் தெளிப்பர். ஐரோப்பாவில் இக்கலை மருந்து செய்வோரின் கையில் இருந்தது. செரிமானத்துக்கென்று உண்ட விதைகளுக்கு இனிப்பு ஏற்றினார்கள். பிற்காலத்தில் கசப்பு மாத்திரைகளுக்கும் அதே ஓட்டை அணிவித்தார்கள். நாவில் கசக்காமல் வயிற்றில் கரைய வேண்டும் என்பதே நோக்கம். எனவே கரைதல் என்பது இந்த ஓட்டின் தற்செயலான குணமன்று. அதற்காகவே அது பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் ஓட்டின் உள்ளே சொக்கலேற் புகுந்தது. 1937ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க் நகரில் ரவுண்ட்ரீ நிறுவனம் ஸ்மார்ட்டீஸ் என்ற பெயரில் இவ்வினிப்பைச் சந்தைப்படுத்தியது. 1941இல் அமெரிக்காவில் ஃபொரஸ்ட் மார்ஸ் எம் அண்ட் எம்ஸ் இனிப்பைத் தொடங்கினார். வெப்பத்தில் உருகிக் கையில் ஒட்டாத சொக்கலேற் என்பதால் இரண்டாம் உலகப்போரின்போது அது அமெரிக்கப் படையினரின் பொதிகளில் இடம்பெற்றது. இந்தியப் பிள்ளைகளுக்கு 1968இல் கட்பரி நிறுவனத்தின் ஜெம்ஸ் வந்து சேர்ந்தது.

இனிப்பின் வரலாறு இவ்வாறிருக்க, சீனியின் வரலாறு அவ்வளவு இனிமையானதன்று. ஆங்கிலேயரின் தேநீர்க் கோப்பையில் இரண்டு பண்டங்கள் சந்தித்தன. ஒன்று தேயிலை, மற்றது சீனி. இவ்விரண்டின் பின்னாலும் தென்னிந்தியத் தொழிலாளர் நின்றனர். அடிமை முறை ஒழிக்கப்பட்டபின், 1834 முதல் மொறீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கும், 1860 முதல் தென்னாபிரிக்காவின் நேற்றாலுக்கும் இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து பிஜித் தீவுகளுக்கும் கப்பல்கள் சென்றன. அங்கே கரும்பு வெட்டிய பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடியதைத் தமிழர் அறிவர். அவர்களுடைய ஊர்களையும் உறவுகளையும் சேர்ந்த மக்களே பாக்கு நீரிணையைக் கடந்து, கண்டிச் சீமைக்கும் ஊவாவுக்கும் நடந்தே வந்து, முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் வளர்த்தனர். ஒரே கிராமத்திலிருந்து ஒருவர் சீனிக்குப் போனார். இன்னொருவர் சாயத்துக்கு வந்தார்.

செடிக்கு வந்த விஞ்ஞானம்

ஊவாவின் மலைகளுக்கு விஞ்ஞானம் வந்த ஆண்டைச் சற்றேறக்குறையச் சரியாகச் சொல்ல முடியும். 1869ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பது காணப்பட்டது. உலகக் கோப்பி வரலாற்றையே மாற்றிய இலைத்துரு நோயின் முதல் அறிகுறி அது. அடுத்த பத்து இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரம் சரிந்தது. நோயை ஆராய்வதற்காக 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் பிரித்தானியாவிலிருந்து அனுப்பப்பட்டார். இரண்டாண்டுகள் இங்கு தங்கிய அவர், அந்நோய் ஒரு பூஞ்சணத்தால் உண்டாகிறது என்பதையும், அதன் வித்திகள் காற்றில் பரவுகின்றன என்பதையும் நுணுக்குக்காட்டியின் துணையுடன் விளக்கினார். கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மலைநாட்டில் நுணுக்குக்காட்டி வந்து இறங்கிவிட்டது.

கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1925ஆம் ஆண்டில் தேயிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பின்னர் அது தலவாக்கலையில் நிலைகொண்டது. ஊவாப் பிரதேசத்துக்கென்று பசறையில் அதன் கிளையும் அமைந்தது. மண்ணின் அமிலத்தன்மை, உரத்தின் அளவு, கொப்புள நோய், நொதித்தலின் வெப்பநிலை என ஒவ்வொன்றும் அளக்கப்பட்டன. தேயிலைத் தொழிற்சாலையே ஓர் இரசாயனக் கூடந்தான். கொழுந்தை வாட்டுவதும், உருட்டுவதும், நொதிக்க வைப்பதும், சூட்டில் உலர்த்துவதும் இலையினுள் நடக்கும் இரசாயன மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் வழிகளே.

ஊவாத் தேயிலையின் பெருமையும் அத்தகையதே. ஜூலை முதல் செப்ரெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைக் கடந்து, மழையை இழந்து, வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்குகிறது. அந்த வரட்சியில் இலையின் மணம் மாறுகிறது. அம்மணத்துக்கு முக்கிய காரணமாகிய மெதைல் சலிசிலேற்று என்ற சேர்வை, நோவுக்குப் பூசும் தைலங்களிலும் இருப்பது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி விலை வாங்கித் தந்த இந்த வாசனையைப் பற்றி ஆய்வுகள் எழுதப்பட்டன. அந்த இலையைக் கிள்ளிய தாயின் பிள்ளைக்கோ, அது ஏன் மணக்கிறது என்று சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை.

பிள்ளைக்கு வராத விஞ்ஞானம்

தோட்டங்களில் கல்வி என்பது நெடுங்காலம் தருமத்தின் பாற்பட்டதாகவே இருந்தது. 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் சில இடங்களில் எழுத்தறிவித்தது. வேறு சில இடங்களில் பெரிய கங்காணிமார் ஆதரவில் இராப் பாடசாலைகள் நடந்தன. 1907, 1920 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தின. சட்டம் ஒன்று; நடைமுறை வேறு. பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அளவில் நின்றது. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுக்கு அப்பால் அது போகவில்லை. பத்து வயதுக்குப் பின் பிள்ளைக்குப் பேர் பதிந்தாயிற்று. காலைப் பிரட்டுக்கு வரவேண்டியதுதான்.

தமிழில் விஞ்ஞானம் இல்லாமையால் நேர்ந்த குறையா இது? இல்லை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவருடைய முயற்சியின் பயனாக ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் இரசாயனவியல் நூல் 1875இல் தமிழில் அச்சேறியது. மடுல்சீமையில் இலைத்துரு தோன்றி ஆறாண்டுகளே ஆன காலம் அது. இரசாயனம் தமிழில் இருந்தது. தமிழ்ப் பிள்ளைகள் ஊவாவில் இருந்தனர். இரண்டையும் சேர்த்து வைக்கும் வகுப்பறைதான் இருக்கவில்லை.

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆய்வுகூடங்களைக் கொண்ட மத்திய கல்லூரிகள் நாட்டின் பல பகுதிகளில் எழுந்தன. தோட்டப் பாடசாலைகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலேயே விடப்பட்டன. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பதுளைத் தொகுதியில் எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவனுக்குப் பாடசாலை கேட்டுக் குரல் கொடுக்க யாரும் இல்லை. 1960, 61இல் அரசு உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தோடேயே கிடந்தன.

1950களில் அரசகரும மொழிப் பகுதியினர் தமிழ் விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தொகுத்தனர். கரைசல், கரையம், கரைப்பான், செறிவு, பரவல் என்று இனிப்புத் தட்டை விளக்கத் தேவையான சொற்கள் அனைத்தும் ஆயத்தமாயின. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், ஆறாம் வகுப்பு முதல் எல்லா மாணவர்க்கும் ஒன்றிணைந்த விஞ்ஞானம் என்ற பாடத்தைக் கொண்டுவந்தது. நல்ல சீர்திருத்தம். ஆனால் ஐந்தாம் வகுப்போடு முடியும் பாடசாலைக்கு ஆறாம் வகுப்புப் பாடத்தால் என்ன பயன்?

இதற்கிடையே, 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்று தெரியாத குடும்பம் பிள்ளையின் படிப்பை எப்படித் திட்டமிடும்? எழுபதுகளின் பஞ்சம் வேறு. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இல் எஸ். தொண்டமான் மீண்டும் மக்களால் தெரிவு செய்யப்பட்டுப் பாராளுமன்றம் சென்றார். அக்காலத்திலிருந்துதான் தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி மலையகப் பிள்ளைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தியே வந்தது என்பதை இங்கு குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளில் சுவீடனின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன; ஆசிரியர் பயிற்சி நடந்தது. தோட்டங்களிலேயே பிறந்து சாதாரண தரம் சித்தியடைந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியராயினர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜேர்மனியின் உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவாயிற்று. 1997இல் அறிவிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தத்தின்படி ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடம் புகுந்தது. பிள்ளை தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்துக் கற்க வேண்டும் என்பது அப்பாடத்தின் அடிப்படை. இனிப்புத் தட்டுப் போன்ற பரிசோதனைக்குத் தோட்டப் பாடசாலையில் முறையான இடம் கிடைத்தது அப்போதுதான்.

தட்டில் நடப்பது என்ன?

இப்பரிசோதனையைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் இரண்டு தவறான விளக்கங்களைத் தருவதுண்டு. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு இரசாயனத்தால் ஆனது, ஆகையால் அவை கலப்பதில்லை என்பது ஒன்று. ஒரு கரண்டியால் தட்டைக் கலக்கிவிட்டால் இவ்விளக்கம் அக்கணமே பொய்யாகும். நிறங்கள் அழகாகக் கலந்து மங்கலான பழுப்பாகிவிடும். கலக்க முடியாதவை அல்ல அவை, கலக்கப்படாமல் நிற்பவை.

நிறம் நகர்வது முழுவதும் பரவலால் என்பது இரண்டாவது. பரவல் உண்மையில் மிக மெதுவான நிகழ்வு. அசையாத நீரில், சீனி மூலக்கூறுகள் பரவலால் மட்டும் ஒரு சென்ரிமீற்றர் நகர ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். தட்டில் நிறம் சில நிமிடங்களில் நடுவை அடைந்துவிடுகிறதே, அது எப்படி? விடை அடர்த்தியில் இருக்கிறது. ஓட்டின் சீனி கரைந்தவுடன் இனிப்பைச் சுற்றியுள்ள நீர் பாகாகிக் கனக்கிறது. கனத்த கரைசல் தட்டின் அடியில் படர்ந்து, கனம் குறைந்த தூய நீர் இருக்கும் நடுப்பக்கம் நோக்கி ஒழுகுகிறது. நிறம் அந்த ஒழுக்கில் ஏறிப் பயணம் செய்கிறது. பக்கத்து இனிப்பிலிருந்தும் அதே கனமுள்ள கரைசல் வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதைத் தள்ளக் காரணமில்லை. எனவே இரண்டும் அருகருகே முன்னோக்கி நகர்கின்றன. எல்லையைக் கடக்கப் பரவல் ஒன்றே வழி. அதற்கோ நேரம் போதாது. பொறுமையாகப் பல மணி நேரம் விட்டுவைத்தால் எல்லை மெல்ல மங்கும்.

இவ்விளக்கம் சரியா என்று பிள்ளைகளே சோதிக்கலாம். வரிசையில் ஓர் இனிப்பை எடுத்துவிட்டால், இரு பக்கத்து நிறங்களும் அந்த வெற்றிடத்துக்குள் சரிந்து பரவும். தட்டில் ஊற்றும் நீரில் முன்கூட்டியே நிறையச் சீனியைக் கரைத்துவிட்டால், கன வேறுபாடு குறைந்து நிறத்தின் ஓட்டம் தளரும். நீருக்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் ஊற்றினால் சீனி கரையாது, நிறம் இறங்காது. சில இனிப்புகளின்மேல் அச்சிட்டிருக்கும் வெள்ளை எழுத்து, ஓடு கரைந்தபின் கழன்று மிதப்பதையும் காணலாம். அந்த மை நீரிற் கரைவதில்லை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவை அனைத்தும் முன்போலவே இருக்க வேண்டும் என்பதே இங்கு கற்க வேண்டிய பெரிய பாடம். விஞ்ஞானத்தின் அச்சாணி அதுதான்.

வெலிமடையில் இப்பரிசோதனைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலே அமைந்த ஊர் அது. மார்கழி, தை மாதத்துக் காலைப்பொழுதில் குழாய் நீர் சில்லென்றிருக்கும். அந்நீரை ஊற்றினால் நிறம் சோம்பி நகரும். அடுப்பில் காய்ச்சி இளஞ்சூடாக்கினால் விரைந்தோடும். சூட்டில் கரைதல் விரைவுபடும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறிய நீரில் தேயிலையைப் போட்டால் சாயம் இறங்காது என்பது அது பிறந்தது முதல் வீட்டில் கண்டது. பாடநூல் நீரின் கொதிநிலை 100 பாகை என்கிறது. அதுவோ கடல் மட்டத்துக் கணக்கு. வெலிமடை உயரத்தில் வெப்பமானியை வைத்தால் நீர் 96 பாகையை ஒட்டிக் கொதிக்கக் காணலாம். ஒரு பிள்ளை தன் ஊரின் மலையை வெப்பமானியில் வாசிக்கலாம் என்றால் அதைவிட நல்ல பாடம் எது? ஆனால் அதற்கு ஒரு வெப்பமானி வேண்டும்.

இனிப்புக்கே வழியில்லாத வகுப்பும் உண்டு. உண்ணத்தக்க பண்டத்தைத் தண்ணீரிற் கரைத்து ஊற்றிவிடுவது, காலை உணவில்லாமல் வரும் பிள்ளையின் முன்னே செய்யத்தக்கதா என்று தயங்கும் ஆசிரியரின் தயக்கம் நியாயமானதே. மாற்று வழி வெலிமடைச் சந்தையிலேயே கிடக்கிறது. அது மரக்கறிக்குப் பேர்போன ஊர். ஒரு பீற்றூட்டைத் துருவிப் பிழிந்த சாற்றிற் சில கற்கண்டுத் துண்டுகளைத் தோய்த்து உலர்த்தினால் செந்நிற ஓடு ஆயத்தம். அருகில் மஞ்சள் தூள் பூசிய கற்கண்டையும் வைத்துப் பார்க்கலாம். பீற்றூட்டின் நிறம் நீரிற் கரைந்தோடும். மஞ்சளின் நிறப்பொருளோ தண்ணீரில் எளிதிற் கரையாமல் தூளாகவே தங்கும். நிறமுள்ளதெல்லாம் கரைவதில்லை என்று கடையில் வாங்கிய இனிப்பு சொல்லித்தராத பாடத்தை இது சொல்லித்தரும்.

எளிமை போதுமா?

கையிற் கிடைத்ததைக் கொண்டு விஞ்ஞானம் கற்பிக்கும் முறைக்கு மதிப்பான மரபு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் பாடசாலைகள் தரைமட்டமான நாடுகளின் ஆசிரியருக்கென்று, ஜே. பி. ஸ்டீவன்சன் எழுதிய கைந்நூலொன்றை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. போத்தல், தகரம், மெழுகுதிரி, நூல் ஆகியவற்றால் ஆய்வுக் கருவிகள் செய்யும் வழிகளை அது கூறியது. அதுவே வளர்ந்து 1956இல் விஞ்ஞானம் கற்பித்தலுக்கான யுனெஸ்கோ மூலநூலாயிற்று. இந்தியாவிலும் 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் இதே முறை வேரூன்றி முப்பது ஆண்டுகள் நடந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ இதழின் மூலம் இம்முறையைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டுசென்றது.

1948இன் கைந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது. ஆய்வுகூடங்களை இழந்த நாடுகள், அவற்றைத் திரும்பக் கட்டும் வரையில் காலத்தை வீணாக்காமல் இருப்பதற்காக எழுதப்பட்டது. கட்டவேண்டாம் என்பதற்காக அல்ல. அதே 1948இல்தான் மலையக மக்கள் குடியுரிமையை இழந்தனர். அவர்களுடைய பாடசாலைகளில் இடிந்து விழுவதற்கும் ஆய்வுகூடம் இருக்கவில்லை.

எளிய பரிசோதனை என்ற சொல்லை நிர்வாகிகள் விரும்புவதில் ஓர் அபாயம் இருக்கிறது. தட்டும் தண்ணீரும் போதும் என்றால், ஆய்வுகூடத்துக்குப் பணம் ஒதுக்காமல் இருந்துவிடலாம் அல்லவா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தட்டும் தண்ணீரும் போதும். சாதாரண தரத்து மாணவனுக்குப் போதாது. உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் மாணவிக்கு அளவியும் குழாயியும் தராசும், எல்லாவற்றுக்கும் மேலாக இரசாயனவியலை முறையாகக் கற்ற ஓர் ஆசிரியரும் வேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் பல்லாண்டுகள் பரீட்சைப் பெறுபேறுகளைச் செய்தியாக்கியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல முடியும். ஒரு தோட்டத்துப் பிள்ளை மருத்துவ பீடத்துக்கோ பொறியியற் பீடத்துக்கோ தெரிவானால் அது தனிச் செய்தியாகிப் படத்துடன் வெளிவரும். அப்பிள்ளையை நாம் பாராட்டுகிறோம்; பாராட்ட வேண்டியதே. ஆயினும், கொழும்பிலோ கண்டியிலோ ஒரு பெரிய பாடசாலையிலிருந்து அறுபது பேர் தெரிவாகும்போது அது தனித்தனிச் செய்தியாவதில்லை. செய்தியாகிறது என்பதே அது அரிதாக நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பதுளை பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுகிறது. சலுகை உண்டு. ஆனால் அச்சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அன்று. பதுளை, பண்டாரவளை போன்ற நகரங்களில் வசதியுள்ள பாடசாலையில் படிப்பவரும், வெலிமடை மலையில் லயத்திலிருந்து நடந்து வருபவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கொண்ட பாடசாலைகள் ஊவாவில் குறைவு. அவற்றை நாடி நகரத்தில் தங்கிப் படிப்பதற்கு ஆகும் செலவை நாட்கூலியில் வாழும் குடும்பம் தாங்குவதில்லை. பெண்பிள்ளையாயின் தயக்கம் இரட்டிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கலைப்பிரிவைத் தெரிந்தெடுத்தாள் என்று பதிவேட்டில் எழுதுவர். அங்கே தெரிந்தெடுக்க வேறொன்றும் இருக்கவில்லை என்பதைப் பதிவேடு சொல்லாது.

2005இல் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்று அங்கே ஒரு பட்டப்படிப்பே இருக்கிறது. தேயிலையின் இரசாயனத்தை, அத்தேயிலை வளரும் மாகாணத்திலேயே படித்துப் பட்டம் பெறலாம். வெலிமடையிலிருந்து பதுளைக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் அப்படிப்புக்கான வாசல் உயர்தர விஞ்ஞானப் பிரிவு. அந்தப் பிரிவு இல்லாத பாடசாலையிலிருந்து பார்க்கும்போது பதுளை வெகுதூரம்.

இனிப்புத் தட்டுப் பரிசோதனையை எந்த ஆசிரியரும் கைவிடலாகாது. அதற்கான இனிப்பை அநேகமாகத் தம் பணத்திலேயே வாங்கி வரும் ஆசிரியர்களுக்கு மலையகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அந்தத் தட்டைப் பார்த்த பிள்ளை ‘நிறங்கள் ஏன் கலக்கவில்லை?’ என்று கேட்கும். அதற்குச் சரியான விடை சொல்லவல்ல ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும். அந்த விடையிலிருந்து பிள்ளை அடுத்த கேள்விக்குப் போகும். அதனை அளந்து பார்க்க ஓர் ஆய்வுகூடம் இருக்க வேண்டும். இவை பெரிய கோரிக்கைகள் அல்ல. தேயிலைச் செடிக்கு இந்த மலைநாட்டில் அவை கிடைத்து நூறாண்டு நிறைந்துவிட்டது.